யாரு இறங்குறா?

பெட்ரோல் விலை ஏறிய மறுநாள் காலையில் ரியாஸ் போன் செய்தான். திண்டுக்கல்லில் ஒரு கார் ஷோரூமில் நான் பார்த்துவந்த வேலையை இப்போது அவன் பார்க்கிறான்.

"அண்ணே, வாசல்ல பூராம் பெரிய வண்டியா வந்து நிக்குது. இதக் குடுத்துட்டுச் சின்னது வேணுங்குறாங்க எல்லாரும். பழச நிறுத்த இடமில்ல. அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்புடிண்ணே சமாளிச்சீங்க?"

"அந்தக் காலமா? போன வருசம்தானடா வெளிய வந்தேன். எனக்கென்ன நூறு வயசா?"

"அதுக்கில்லண்ணே. வீட்டுல சும்மாதான உக்காந்துருக்கீங்க, எதாச்சும் எழுதிக் குடுங்களேன். புதுப் பசங்களுக்குப் படிக்கக் குடுக்குறேன்."

சும்மா உட்காரத் தெரிந்தவனாக இருந்தால் இந்த வேலைக்கே போயிருக்க மாட்டேன். என் வேலை நின்றபடி பார்க்கிற வேலை. காலையில் ஷட்டர் ஏறும்போது நின்றால் மாலையில் விளக்கு அணையும்வரை நிற்க வேண்டும். ஐம்பது தாண்டியதும் முதுகெலும்பு மறுத்துவிட்டது. இனி நிற்காதீர்கள் என்றார் டாக்டர். நிற்காமல் கார் விற்க முடியாது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போதும் வீட்டில் நாற்காலி எதிரியாகத்தான் இருக்கிறது. தெருமுனைவரை போய் வருகிறேன், மாடிக்கு ஏறி இறங்குகிறேன், சிறுமலைப் பக்கம் மேகம் திரள்கிறதா என்று பார்க்கிறேன், திரும்பவும் தெருமுனைக்குப் போகிறேன். எழுதுவதையும் சுவர் அலமாரியில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டையை உள்ளே விடக் கற்றேன், கதவை ஓசையில்லாமல் சாத்தக் கற்றேன், 'முடியாது' என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லக் கற்றேன். மற்றதெல்லாம் ஜமால் சார்.

ஜமால் சார் எங்கள் மேலாளர். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த குடும்பம். பதனிட்ட தோலைக் கட்டை விரலின் பின்பக்கத்தால் நீவிப் பார்த்து வளர்ந்த கை. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. யாராவது பழைய வண்டியை மாற்ற வந்தால் நாங்களெல்லாம் என்ஜினைத் திறப்போம், டயரைப் பார்ப்போம், எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மீட்டரை எட்டிப் பார்ப்போம். அவர் பின்கதவைத் திறந்து ஒவ்வொரு சீட்டையும் கட்டை விரலால் நீவுவார். எந்த இடத்தில் துணி வழவழத்திருக்கிறது, எந்த இடத்தில் பஞ்சு அமுங்கியிருக்கிறது, எந்த இடம் வாங்கிய நாள் மாதிரியே விறைத்து நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு வருவார். அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வாடிக்கையாளர் நிற்கும்வரை அவரும் நிற்பார். வந்தவரின் மனைவி யாராக இருந்தாலும் அவருக்குத் தங்கச்சி.

விலை ஏறிய மறுநாள் ஷோரூமுக்குள் நுழைகிறவர்களின் நடையே வேறு மாதிரி இருக்கும். முந்தின நாள்வரை முகப்பில் நிற்கும் பெரிய வண்டியிடம் போய், அதன் நெற்றியைத் தட்டி, கண்ணாடியில் தலை சீவிக்கொண்டவர்கள், இன்று அதைத் தெரியாத ஆளைக் கடப்பதுபோலக் கடந்து, பின்வரிசைக்குப் போய்ச் சின்ன வண்டியின் முன் நிற்பார்கள். பெரிய வண்டியைப் பார்த்து ஆசைப்பட்ட முகம் சின்ன வண்டியைப் பார்க்கும்போது கணக்குப் போடும். "எவ்வளவு குடுக்கும்?" என்பார்கள். மாட்டுத்தாவணியில் கறவை மாட்டைச் சுற்றி வந்து கேட்கிற அதே கேள்வி, அதே குரல். வண்டியும் ஏதோ மடி சுரந்து நிற்பதுபோலவே நிற்கும்.

'எவ்வளவு குடுக்கும்' என்று கேட்டால் வாயால் பதில் சொல்லக் கூடாது என்பது ஜமால் சாரின் சட்டம். வண்டியைப் பெட்ரோல் பங்குக்குக் கொண்டுபோக வேண்டும். டேங்கைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். நிரப்பியதும் வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டினால் உள்ளே இருக்கிற காற்று ஏப்பம் விடும், இன்னும் கொஞ்சம் பிடிக்கும். மூடியை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்து அவரையே திருக வைக்க வேண்டும். அப்புறம் வத்தலக்குண்டு சாலையில் சேவுகம்பட்டிப் பக்கம்வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, அதே பங்கில், அதே குழாயில் மறுபடி கழுத்துவரை நிரப்பினால், எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். இதில் அவர் விடாப்பிடியாக இருந்தது ஒன்றில்தான். வாங்கப்போகிற வீட்டில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரும் வண்டியில் இருக்க வேண்டும், ஏசி ஓட வேண்டும்.

"ஒத்த ஆளா ஓட்டிக் காட்டுற கணக்கு நமக்கு எதுக்கு தம்பி? வீட்டோட போறதுக்குத்தான வாங்குறாங்க" என்பார்.

அதற்கெல்லாம் முன்னால் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பெரிய வண்டியைக் கொடுத்துச் சின்ன வண்டி எடுக்க வந்தவர்களிடம் மட்டும் கேட்பார்.

"பெருசுலேர்ந்து சிறுசுக்கு வாரீங்க. சந்தோசம். யாரு இறங்குறா?"

முதலில் சிரிப்பார்கள். அப்புறம் யோசிப்பார்கள். மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள் என்பார் ஒருவர். டிரைவர்தான் சார் இறங்குறான், இனிமே நானே ஓட்டப்போறேன் என்பார் ஒருவர். எங்க வீட்டு நாய்தான் இறங்குது, அதுக்கு ஒரு சீட்டு குடுத்து வச்சிருந்தோம் என்று ஓர் அம்மா சொன்னபோது ஜமால் சார் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பதில் எதுவானாலும் அவர் மறுத்துப் பேசியதில்லை. கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். விற்பனையைக் கெடுக்கிற கேள்வி என்று எங்களுக்குள் முணுமுணுப்போம். கெட்டதும் உண்டு.

டீசல் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு மாதக் கடைசியில் செபஸ்தியான் வந்தார். ஊர் குஜிலியம்பாறை சாலையிலிருந்து உள்ளே விலகிய கிராமம். திண்டுக்கல்லில் உரக்கடை. நின்று பழகிய ஆள் என்பதால் அவரை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பெரிய டீசல் வண்டி ஒன்றை ஓட்டி வந்திருந்தார். பின்கதவைத் திறந்தால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு இருக்குமே, அந்த மாதிரி.

"டீசல் நம்மள குடிச்சிரும் போல சார். பெட்ரோல்ல சின்னதா ஒண்ணு பாருங்க" என்றார்.

டீசல் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. காபி வந்ததும் அவரே சொன்னார். "காலைல வண்டிய எடுத்தா ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல எத்தன கை நீளுது தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு, பேங்குக்கு, ரேசன் ஆபீசுக்கு. கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டா ஏத்தச் சொல்றாங்க. முன்னாடியெல்லாம் ஏத்துனோம். இப்ப விக்கிற வெலைக்கு முடியல. ஆனா இடமில்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல சார். வண்டியே சொல்லட்டுமே."

கையில் காபியோடு நான் அந்த மனிதரைப் பார்த்தேன். சின்ன வண்டி வாங்க எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு கூச்சத்தோடு ஒருவர் உண்மையைச் சொன்னதில்லை.

ஜமால் சார் வந்தார். கேள்வி கேட்டார்.

"யாரும் இறங்கல சார். நாலே பேருதான். நானு, வீட்டுல, ரெண்டு பொம்பளப் புள்ளைக. நாலு பேருக்கு எதுக்குக் கப்பலு?"

ஜமால் சார் வெளியே போய் வண்டியின் பின்கதவைத் திறந்தார். நானும் செபஸ்தியானும் கூடப் போனோம். இடப்பக்கப் பெஞ்சில், கதவோரமாக, துணி வழவழவென்று தேய்ந்திருந்தது. எதிர்ப் பெஞ்சில் யாரும் உட்கார்ந்த அடையாளமில்லை. அதன் மேல் ஒரு பழைய தலையணையை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். தலையணையின் நடுவில் ஒரு குழி. உள்ளங்கை அளவுகூட இல்லை. கட்டை விரலின் பின்பக்கத்தால் அவர் அந்தக் குழியைத் தொட்டார்.

"இது யாரு தம்பி?" என்று செபஸ்தியானைக் கேட்டார்.

"அது எங்க மச்சான் கால் வைக்கிறது சார். வீட்டுல அவங்களோட அண்ணன். கூடத்தான் இருக்காரு. லோடு இறங்கும்போது மூட்ட சரிஞ்சு கால் போயிருச்சு. கம்பி வச்சது, முழங்கால் மடங்காது. டெய்லி வெங்காயப் பேட்டைக்குக் கணக்கு எழுத எங்க கூடத்தான் வாராரு. பின்னாடி உக்காந்து கால இப்புடி எதுக்க நீட்டிக்குவாரு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். வெயிலில் நின்று தலையணையைப் பார்த்தார்.

"நாலுன்னு சொல்லிட்டேன்ல" என்றார்.

வேண்டாதவர் என்று அவர் மச்சானை விட்டுவிடவில்லை. முன்னால் பார்த்து ஓட்டுகிறவன் எண்ணும்போது கண்ணாடியில் தெரிகிற முகங்களைத்தான் எண்ணுவான். பக்கவாட்டில் திரும்பி, பின்கதவோரம் உட்கார்ந்து வருகிறவர் அந்தக் கண்ணாடியில் விழுவதில்லை.

"சனிக்கிழம எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் ஜமால் சார்.

சனிக்கிழமை வந்தார்கள். மனைவி ரீத்தா திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். குட்டையான, அமைதியான பெண். இரண்டு மகள்களும் அதே பள்ளிக்கூடம். அம்மாவைப்போல இல்லாமல் நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக, பின்கதவு வழியாக, அருள்தாஸ் இறங்கினார். முதலில் கம்பு வந்தது, அப்புறம் கால், அப்புறம் ஆறடி மனிதர்.

"அஞ்சு பேருன்னு போட்டுக்காதீங்க சார்" என்றார் என்னிடம். "இந்தக் காலு தனி ஆளு. ஆதார் கார்டு மட்டுந்தான் இல்ல."

செபஸ்தியான் பார்த்துவைத்திருந்த வண்டியின் முன்கதவைத் திறந்தேன். அருள்தாஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்து, உள்ளே நகர்ந்து, காலை எடுத்து வைக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு விதமாக முயன்றார். முகமெல்லாம் வியர்வை. உடம்பு முழுவதும் வண்டிக்குள் இருக்க, கால் மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சின்ன மகள் சிரித்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"ஏன் நிறுத்துற? சிரி. இப்புடியே போவோம். இண்டிகேட்டர் போட வேணாம், கால ஆட்டுனா போதும்" என்றார் அருள்தாஸ்.

"மாமா, போலீஸ் புடிக்கும்."

"புடிக்கட்டும். புடிச்சு இழுத்தாத்தான வெளிய வருவேன்."

அதன்பிறகு ஜமால் சார் செய்ததை நான் எந்த ஷோரூமிலும் பார்த்ததில்லை. அருள்தாஸிடம் கால் எவ்வளவு மடங்கும் என்று கேட்டார். "இம்புட்டுத்தான்" என்று அவர் காட்டினார். ஜமால் சார் ஷூவைக் கழற்றினார். என் மேசையிலிருந்த மர அடிக்கோலை எடுத்துத் தன் முழங்காலுக்குப் பின்னால் வைத்துக் கைக்குட்டையால் ஒரு கட்டு, என் கைக்குட்டையை வாங்கி இன்னொரு கட்டு. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு, ஒரு காலை விறைத்துக்கொண்டு, ஷோரூமில் இருந்த சின்ன வண்டிகளில் ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தார். ஒன்றில் தலை இடித்தது. ஒன்றில் உள்ளே போய் வெளியே வர முடியாமல் நான் இழுக்க வேண்டியிருந்தது. விற்பனைப் பையன்கள் சிரிப்பை மறைக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அவர் யாரையும் கவனிக்கவில்லை. தனக்கே அந்தக் கால் வந்துவிட்டதுபோல, ஒவ்வொரு கதவிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் கூரை உயர்ந்த சின்ன வண்டி ஒன்றில் வழி கிடைத்தது. முன் சீட்டை அதன் தண்டவாளத்தில் கடைசிவரை பின்னுக்குத் தள்ள வேண்டும். சாய்மானத்தைப் பாதி படுக்க வைக்க வேண்டும். முதுகைக் காட்டி உட்கார்ந்து, டிரைவர் பக்கமாக நன்றாகச் சாய்ந்துகொண்டு, இரண்டு கையாலும் காலைத் தூக்கி உள்ளே வைத்தால், பாதம் மூலையில் போய் நிற்கும். கதவு சாத்தும். அவர் செய்து காட்ட, அருள்தாஸ் செய்தார். கதவு சாத்தியது. மகள்கள் கை தட்டினார்கள்.

அப்புறம்தான் பின்கதவைத் திறந்தோம். பின்னுக்குத் தள்ளிய முன் சீட்டு பின் சீட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் பெரியவள் உட்கார்ந்து பார்த்தாள், கால் நுழையவில்லை. சின்னவள் பார்த்தாள், அவளுக்கும் இல்லை. பள்ளிக்கூடப் பைகளை அடுக்கலாம், அவ்வளவுதான். மிச்சம் பின்னால் இரண்டு பேருக்கு இடம். முன்னால் இருவர். ஆக நாலு.

எல்லாரும் மனத்துக்குள் எண்ணி முடித்துவிட்டது எனக்குத் தெரிந்தது. ஜமால் சார் அன்று தன் கேள்வியைக் கேட்கவில்லை. அடிக்கோலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கைக்குட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் பஸ்ல வாரேன் மாப்ள" என்றார் அருள்தாஸ்.

"எப்புடி மாமா ஏறுவீங்க? படி இம்புட்டு ஒசரம்" என்றாள் சின்னவள்.

"கண்டக்டரு தூக்கிப் போட்டுக்குவாரு, கோழிக்கூடைய ஏத்துற மாதிரி."

செபஸ்தியான் தலையை ஆட்டினார். "வேணாம் மச்சான். சார், விட்டுருங்க. பழைய வண்டியே இருக்கட்டும். டீசல் குடிச்சா குடிச்சிட்டுப் போகுது." சாவியைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டார். அவருடைய தோள் இறங்கிவிட்டது. இன்னும் எத்தனை மாதம் அந்தக் கப்பலை ஓட்ட முடியும் என்று அவருக்கும் தெரியும், நின்றவர்களுக்கும் தெரியும்.

ரீத்தா டீச்சர் வண்டியின் கூரையில் கை வைத்தபடி சொன்னார்: "நான் இறங்கிக்கிறேன்."

யாருக்கும் உடனே விளங்கவில்லை.

"எனக்கு மொத பீரியடு கிடையாது. எட்டு மணி பஸ்ஸப் புடிச்சா நேரம் சரியா இருக்கும். ரெண்டு முழங்காலும் நல்லாத்தான மடங்குது எனக்கு."

"ஏ ரீத்தா, பேசாம இரு" என்று அருள்தாஸ் வண்டிக்குள்ளிருந்தே சத்தம் போட்டார்.

"நீ பேசாம இருண்ணே. கண்டக்டரு உன்னயத் தூக்குவாரு, உன் கால யாரு தூக்குறது? அதுக்கு வேற டிக்கெட் கேப்பாங்க."

அப்புறம் புருசன் பக்கம் திரும்பினார். "இடமில்லன்னு சொல்ல வாய் வரலன்னு பொலம்புவீங்கள்ல? இனிமே யாராச்சும் கை காட்டுனா, பொண்டாட்டிக்கே இடமில்லன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

மகள்கள் சிரித்தார்கள். செபஸ்தியான் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ப் பழைய வண்டியின் மேல் சாய்ந்து நின்றார். யார் இறங்குவது என்ற கேள்விக்கு எத்தனையோ பதில் கேட்ட ஷோரூம் அது. 'நான்' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். ஜமால் சார் என்னைப் பார்த்தார். "தங்கச்சிக்கு ஒரு காபி சொல்லு தம்பி" என்றார்.

வண்டி கொடுத்த நாளில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வேண்டாம், மாதா கோயிலில் சாமியாரிடம் மந்திரித்துக்கொள்கிறோம் என்றார்கள். வழக்கம்போல மாலை போட்ட வண்டிக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்தோம். ஐந்து பேரும் நின்றார்கள். படம் எடுத்து முடிந்ததும் நாலு பேர் ஏறினார்கள். ரீத்தா டீச்சர் நாங்கள் கொடுத்த ஸ்வீட் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கையசைத்து வண்டியை அனுப்பிவிட்டு, எங்களிடம் சொல்லிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தார். சின்ன வண்டி வளைவில் திரும்பி மறையும்வரைக்கும் பின் கண்ணாடியில் இரண்டு பெண் குழந்தைகளின் கைகள் ஆடிக்கொண்டிருந்தன.

முதல் சர்வீசுக்கு வந்தார்கள். அன்றும் நாலு பேர் காரில், ரீத்தா டீச்சர் பஸ்ஸில். கொஞ்ச நேரம் கழித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"எவ்வளவு குடுக்குது?" என்று நான் கேட்டேன். செபஸ்தியான் முகம் மலர்ந்து, சொன்னதற்குக் குறையாமல் கொடுக்கிறது என்றார்.

"தங்கச்சி, வண்டி எப்புடி இருக்கு?" என்று ஜமால் சார் ரீத்தா டீச்சரைக் கேட்டார்.

"நான் எங்க சார் ஏறுனேன்? ஸ்கூலுக்கும் அஞ்சு பேரு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் அஞ்சு பேரு. பஸ் ஜன்னல்லேர்ந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டு நாளு அம்மா பஸ்ஸு எங்கள முந்திருச்சு சார். அப்பா ஹாரன் அடிக்கிறாரு, டிரைவர் வழியே விடல!" என்றாள் சின்னவள்.

ஜமால் சார் சிரிக்கவில்லை. சர்வீஸ் முடிந்து, கழுவித் துடைத்து, வண்டி வெளியே வந்து நின்றது. "சர்வீஸ் பண்ணுன வண்டிய ஒரு ஓட்டம் ஓட்டிப் பாக்கணும்ல" என்றார் செபஸ்தியானிடம். பிறகு அருள்தாஸிடம், "நீங்க மருமகள்களோட செத்த நேரம் உள்ள இருங்க, வடை வரும்" என்றார். அருள்தாஸ் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். புரிந்துகொண்டார். "ரெண்டு பிளேட்டா சொல்லுங்க. காலுக்கு ஒண்ணு" என்றபடி கம்பை ஊன்றி உள்ளே போனார்.

முன்கதவை நான் திறந்தேன். ரீத்தா டீச்சர் தயங்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சீட்டு கடைசிவரை பின்னுக்குத் தள்ளியபடியே இருந்தது. சாய்மானம் பாதி படுத்திருந்தது. குட்டையான அந்த அம்மாவின் கால்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. அவருக்கு முன்னால் இன்னொரு ஆள் உட்காரலாம்போல வெற்றிடம் கிடந்தது.

"கீழ கம்பி இருக்கு டீச்சர். தூக்கிட்டு முன்னாடி இழுத்துக்கங்க" என்றேன்.

அவர் குனிந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"வேணாம் சார். அண்ணன் உக்கார்ற அளவு. இழுத்துட்டா திரும்ப அதே மாதிரி வைக்க எனக்குத் தெரியாது."

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்தும் சாயாமலும் உட்கார்ந்தார். செபஸ்தியான் வண்டியைக் கிளப்பினார்.

"எங்குட்டுப் போவோம்?" என்று கேட்டார்.

"பஸ்ஸு போகாத ரோடாப் பாத்துப் போங்க."